மூடிக்குள் தண்ணீர்

காரின் எஞ்சினுக்கு மின்பொறி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து ஒரு கரண்டி தண்ணீர் வெர்லின் ட்ரெஸ்லரின் உள்ளங்கையில் கொட்டியது.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து தெற்கு இண்டியானாவில் ஒரு தூறல்கூட இல்லை. கராஜுக்குப் பின்னால் சோளத்தட்டைகள் காய்ந்த காகிதம்போல் சரசரத்துக்கொண்டிருந்தன. சிமென்ட் தரையில் நடந்தால் செருப்புக்கடியில் தூசிதான் நெறுநெறுத்தது. முந்தின மாலை அவரே பொறி கிளப்பும் புது பாயின்ட்டை மாட்டி, அதன் முகங்களுக்கு நடுவே இடைவெளியைத் தகடு வைத்து அளந்து, மூடியைக் கவ்வி, எஞ்சின் சீராக உறுமுவதை நின்று கேட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டினார். இப்போது அந்த பாயின்ட்டின் இரண்டு முகங்களும் பல வருடம் கிணற்றில் கிடந்தவைபோல் பச்சை பூத்திருந்தன. கையை முகர்ந்தார். சுண்ணாம்புக்கல் வாடை, அதற்கடியில் பாசி, அதற்கும் அடியில் வெயில் படாத ஆழத்தின் குளிர்.

கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"என்ன பெரியவரே, மறுபடியும் படுத்துக்கிச்சா?" ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு எல்டன் கேட்டான். "இந்த பாயின்ட் எழவையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஒரு எலெக்ட்ரானிக் பெட்டியை மாட்டுங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"எங்கப்பா வச்சது அப்படியேதான் இருக்கும்."

"அப்படியேதான் நிக்குது. ஊர்வலம் பூரா தள்ளிக்கிட்டே போவோம்."

புல்வெட்டியின் கத்தியைச் சாணை பிடிக்கக் கடைக்கு எடுத்துப்போகும் ஆள் எல்டன். அவனுக்கெல்லாம் பதில் சொல்வதை வெர்லின் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

ஆனால் ஊர்வலம் உண்மை. அறுவடை விழாவில் முதலில் போவது ட்ரெஸ்லர் வீட்டுக் கார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பத்து மணிக்குள் மாதாகோவில் வாசலுக்கு வண்டி வராவிட்டால் ஷூமேக்கரை முன்னால் விட்டுவிடுவார்கள். வெந்நீர்த் தொட்டி விற்றுப் பணம் பார்த்தவன். வாடகைக் காரில் கையாட்டிக்கொண்டு போவான். அதைப் பார்க்க வெர்லின் உயிரோடு இருக்கப்போவதில்லை.

மூடியைத் துணியால் துடைத்தார், மறுபடி துடைத்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரிசல் இல்லை. தண்ணீர் வர வழியே இல்லை. வேறொரு புது பாயின்ட்டை எடுத்து மாட்டினார்.

இனி இடைவெளி வைக்க வேண்டும். அதற்கு மூடிக்குள் சுழலும் கேம் என்ற அச்சின் மேடான முனை சரியாக பாயின்ட்டின் காலுக்கடியில் வந்து நிற்க வேண்டும். ஒருவர் காருக்குள் உட்கார்ந்து சாவியைச் சுண்டிச் சுண்டி எஞ்சினை மயிரிழை நகர்த்துவார். மற்றவர் குனிந்து பார்த்துச் சொல்வார். தூக்கிய பானெட் நடுவில் சுவர்போல் நிற்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான்.

"சுண்டு."

எஞ்சின் அரைச் சுற்று ஓடி நின்றது.

"சுண்டச் சொன்னேன். ஓட்டச் சொல்லல."

"சாவி அவ்வளவுதாங்க கேக்குது."

"சாவிக்கு ஒண்ணுமில்ல. கைக்குத்தான் ஏதோ ஆயிருக்கு."

மறுபடி தாண்டியது. மறுபடியும். இந்த ஒரு வேலையில் மட்டும் ராய்ஸை யாரும் குறை சொன்னதில்லை. வெர்லினுடைய தம்பி. முனை வந்து நின்றதும் சொல்லாமலே தெரிந்துகொண்டு மோதிரத்தால் ஸ்டியரிங்கில் இரண்டு தட்டு தட்டுவான். அந்தத் திமிர். வேறெதற்கும் லாயக்கில்லாதவன், ஓர் இரவு குடித்துவிட்டு இதே காரைக் கல்குவாரித் தண்ணீருக்குள் இறக்கினான். அப்பா கிரேன் வைத்துக் காரை மேலே எடுத்தார். ராய்ஸ் அதில் இல்லை. இன்னும் தேடலாம் என்று ஷெரீஃப் சொன்னபோது, எங்கள் பொருள் வந்துவிட்டது, போதும் என்று அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு திருகாகப் பிரித்து, காயவைத்து, காரைப் புதிதாக்கினார். அடுத்த அறுவடைக்கு அதுதான் முதலில் போனது. குடும்பக் கல்லறையில் ராய்ஸுக்குக் கல் இல்லை. யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் அப்படி ஒருவனும் இல்லை என்று வெர்லின் சொல்வார். அது சரியென்றே இன்றும் நினைத்தார்.

எல்டன் ஏதோ சொன்னான். எல்டன் சொல்வதைக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

வயிற்றை ஒட்டியிருந்த மட்கார்டு சற்று மேலெழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கியது. முன்பைவிட ஆழமாக, ஸ்பிரிங் முனக, நனைந்த மூட்டையை வைத்ததுபோல் இறங்கியது. உட்காரத் தெரியாத தடியன் என்று நினைத்துக்கொண்டார்.

"சுண்டு."

மயிரிழை.

"இன்னும் கொஞ்சம்."

மயிரிழை. கேமின் முனை வழுக்கிக்கொண்டு வந்து பாயின்ட்டின் காலுக்கடியில் அப்படியே நின்றது. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது கற்றுக்கொண்டானே. வெர்லின் தகட்டைச் செருகினார். இழுத்தார். சரியான பிடிப்பு. திருகை இறுக்கினார். மூடியை மாட்டினார்.

உள்ளிருந்து சத்தம் வந்தது.

டக். டக்.

உலோகம், ஸ்டியரிங்கில்.

அவர் நிமிரவில்லை. காருக்கடியில் எங்கோ தண்ணீர் சொட்டியது. சிமென்ட் தூசி கருத்து, ஒரு கோடாக அவருடைய செருப்பை நோக்கி வந்தது. பாசி வாடை.

"எல்டன்."

"இதோ வந்துட்டேன்." குரல் பின்னால், தெருவிலிருந்து வந்தது. இரண்டு கையிலும் காபியோடு எல்டன் வாசலில் நின்றான். "காபி எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? நீங்க எங்க காது குடுத்துக் கேக்குறீங்க."

எஞ்சின் பற்றிக்கொண்டது. ஒரே சுண்டில். தும்மல் இல்லை, திக்கல் இல்லை. அப்பா ஓட்டிய நாளில்கூட இவ்வளவு இனிமையாக உறுமியதில்லை.

"அட." எல்டன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். "ஆள் வச்சிருக்கீங்களா? அதானே பார்த்தேன், என் கை எதுக்கு ஆகும். யாரு, பேரனா? ஜாடை அப்படியே உங்க வீட்டு ஜாடை."

வெர்லின் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"குளிச்சுட்டுத் தலையைக்கூடத் துவட்டாம வந்துட்டான்போல. சீக்கிரம் கிளம்புங்க பெரியவரே. ஷூமேக்கர் மாதாகோவில்ல வந்து நிக்கிறான், பல்லைக் காட்டிக்கிட்டு." காபியை நீட்டினான். "யாருன்னு சொல்லவே இல்லையே."

ஓடிவிடலாம். கதவு திறந்தே இருந்தது. ஆனால் எல்டன் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். ட்ரெஸ்லர் தன் சொந்தக் காரைப் பார்த்துப் பயந்து ஓடினான் என்று.

"எங்க வீட்டுப் பையன்தான்," என்றார் வெர்லின்.

பானெட்டை இறக்கினார்.

கண்ணாடிக்கு உள்பக்கம் முழுக்க நீர் பூத்திருந்தது. அதற்குப் பின்னால் ஓர் உருவம். ஸ்டியரிங்மேல் இரண்டு கைகள். சுண்ணாம்பு வெள்ளை. ஒரு விரலில் மோதிரம்.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவு தானாகத் திறந்தது.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஏறினார். இருக்கை சொதசொதவென்று அமிழ்ந்தது. குளிர். ஓட்டுநர் இருந்த இடப்பக்கம் திரும்பவில்லை. ஒருமுறையும் திரும்பவில்லை.

பிரதான வீதியின் இரண்டு பக்கமும் ஜனம். கொடிகள். ட்ரெஸ்லர் வீட்டுக் கார் முதலில் போனது. பின்னால் பள்ளிக்கூட பாண்டு, அதற்கும் பின்னால் ஷூமேக்கர். வெர்லின் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வலக்கையை உயர்த்தினார். ஊர் பதிலுக்குக் கையாட்டியது. கதவுகளுக்கடியிலிருந்து வழிந்த நீர் தார்ச்சாலையில் இரண்டு கோடுகளாக நீண்டது. தண்ணீர் அவருடைய கணுக்காலைத் தாண்டியது. முழங்காலைத் தொட்டது.

கோர்ட் முனையில் ஊர்வலம் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நேரே போகும் சாலை கல்குவாரிக்கு.

கார் திரும்பவில்லை.

அவருடைய உயர்த்திய கை அப்படியே நின்றது. பக்கத்தில், ஸ்டியரிங்மேல், டக், டக். கதவின் பூட்டுக் குமிழ் மெல்ல, தானாக, கீழே இறங்கியது.