விரல் துணை

“சாமிக்கு மட்டும் கேக்குத மாதிரி டைப் அடிக்க முடியாதாம்மா?” என்று ஜெனி ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அவளுடைய அம்மா அமலோற்பவம் கம்பளிக்குள் கைகளை நுழைத்து, மின்கட்டணம் கட்டுவதற்கான கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“முடியாது பிள்ள. சாமி கேட்டா யார்ட்டயும் விக்க மாட்டாரு. மத்தவன் வித்துருவான்.”

தூத்துக்குடியில் எல்லா வீடுகளிலும் கம்பளி போர்த்தித்தான் தட்டினார்கள். தெருவெங்கும் செவிப்பொட்டுகள் ஒட்டியிருந்தன. நெற்றியில் வைக்கும் பொட்டு அளவே இருந்த அந்த சென்சார்களுக்கு விசைப்பலகையின் ஒவ்வொரு விசையும் வெவ்வேறு ஓசை. தட்டுவதைக் கேட்டே, எழுதியதைப் படித்துவிடும். யாரும் எங்கும் ஒட்டலாம். காற்றில் வரும் ஓசை எவருக்கும் சொந்தமில்லை என்று எப்போதோ சட்டமாகிவிட்டது.

கடவுச்சொல்லுக்குக் கம்பளி போதும். வாக்குமூலத்துக்கு அது உதவாது. குரலையும் கையெழுத்தையும் இயந்திரங்கள் அப்படியே போலி செய்யக் கற்றுக்கொண்டபின், வாக்குமூலக் கூடத்தில் உட்கார்ந்து, கைரேகை பதிய, வெறும் விரலால் தட்டியதை மட்டுமே நீதிமன்றம் ஏற்றது. அங்கே கம்பளிக்கு அனுமதி இல்லை.

ஜெனி கல்லூரியில் சேர்ந்த வருடம், அமலோற்பவத்தின் தம்பி சேவியர் நன்னீர் ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கி, விஷக்காற்றில் மூச்சடைத்து இறந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்றது ஆலை. உண்மையைப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவரின் பெயரை அமலோற்பவம் கூடத்தில் தட்டினாள். நீதிபதி அதைத் திறப்பதற்குள் செவிப்பொட்டில் கேட்டு ஆலை மிரட்ட, அந்த ஆள் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார். அடுத்த முறை கோயில் கொடை விழாவுக்கு ஒலிபெருக்கி அலறிய நாளாகப் பார்த்துப் போய், இரண்டாமவரின் பெயரைத் தட்டினாள். அவரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை ஆலையின் ஆள் கிங்ஸ்லி அவள் வாசலில் நின்றான்.

“என்னக்கா, பாட்டுச் சத்தத்துல தட்டுனா தெரியாதுன்னு நெனச்சீங்களோ? அது என்ன பாட்டுன்னு எங்களுக்கும் தெரியும்லா. அதைக் கழிச்சிட்டா மிச்சம் உங்க விரல்தான்.”

“உனக்கு அக்கா தங்கச்சி இல்லியா தம்பி?”

“இருக்காவ. அவங்களுக்குச் சோறு போடத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.”

அதைச் சொன்னபோது மட்டும் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் முறையும் போனாள். அந்தத் தொட்டிக்குள் இன்னமும் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் எல்லாவற்றையும் தட்டிவிட்டாள். மிச்சமிருந்த ஒரே சாட்சியின் பெயர் வரவேண்டிய இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன. பக்கத்துத் தடுப்பில் சிவப்பு முக்காடு போட்ட ஒரு பெண் வேலை முடிந்து எழுந்தவள், எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, சாமி செல மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“ஒரு பேர் எழுதணும். எழுதுனா கேட்டுருவான். பாட்டு போட்டாலும் அதைக் கழிச்சிட்டுக் கேப்பான்.”

அந்தப் பெண் யார் என்ன என்று விசாரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தாள். “நான் சும்மா தட்டுதேன், நீங்க எழுதுங்க. பாட்டைத்தானே கழிப்பான்? எனக்கே என்ன தட்டப்போறேன்னு தெரியாது, அவன் எதைக் கழிப்பான்?”

படபடவென்று தட்டத் தொடங்கினாள். காவலர் ஓடி வந்தார்.

“வேலை முடிஞ்சா எந்திரிக்கணும்மா.”

“முடியலியே சார். எங்க மாமியாரைப் பத்தி இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”

“அப்போ என் மச்சானை நானும் விடப்போறதில்ல,” என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் தட்டத் தொடங்கினார். கூடம் சிரித்தது. ஒவ்வொருவராகத் தட்ட, தகரக் கூரையில் கல்மழை பெய்வதைப் போலாயிற்று.

“நிறுத்துங்க! சட்டப்படி தப்பு!”

“எந்தச் சட்டம் சார்?” என்று அமலோற்பவம் எழுந்து நின்றாள். “காத்துல வார சத்தம் யாருக்கும் சொந்தமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்படின்னா இதுவும் யாருக்கும் சொந்தமில்ல. கேட்டுக்கிட்டு நில்லுங்க.”

உட்கார்ந்து, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது முக்காட்டுக்காரி போய்விட்டிருந்தாள்.

அன்று வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. கடைசி சாட்சி நீதிபதியின் முன்னால் வாய் திறந்தார். சேவியர் மேல் இருந்த பழி நீங்கியது. தொட்டிக்குச் சீல் வைத்தார்கள். ஊர் ஊராக அந்தப் பழக்கம் பரவி, ‘விரல் துணை’ என்று பெயரும் பெற்றது. அந்தப் பெண்ணைத்தான் அமலோற்பவத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாதங்கள் கழித்து, தீர்ப்பின் நகல் வாங்க மதிய வேளையில் கூடத்துக்குப் போனாள். காவலர் சாப்பிடப் போயிருந்தார். தனியாக ஒருவன் மூலைத் தடுப்புக்குள் போய் உட்கார்ந்தான். கிங்ஸ்லி. அவன் அவளைக் கவனிக்கவில்லை. இரண்டு விசைகள் தட்டினான், நிறுத்தினான். மறுபடி இரண்டு, மறுபடி மௌனம். தன் ஆலைக்காரர்களே கேட்டுவிடுவார்களோ என்று பயந்து தயங்கும் விரல்களின் ஓசை அது என்று அவளுக்குத் தெரிந்தது.

வாசல்வரை நடந்தாள். அந்த முக்காட்டுக்காரிக்குத் திருப்பித் தரவேண்டியதை இவனுக்கா தருவது? மனம் முறுக்கிக்கொண்டது. அந்தப் பெண் தன்னிடம் ஒன்றுமே விசாரிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, காலடி கேட்காதபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து, வாயில் வந்த செபங்களையெல்லாம் தட்டத் தொடங்கினாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் விரல்கள் நடந்தன, பிறகு ஓடின.

அவை ஓய்ந்ததும், அவன் எழுவதற்குள், தட்டியதை அழித்துவிட்டு வெறுங்காலோடு வெயிலில் இறங்கிவிட்டாள்.