வலியுறுத்தவில்லை

“கனம் நீதிபதி அவர்கள் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் ஓதிய கோரிக்கை அது. மாதிரி நீதிமன்றத்தின் கடைசித் தேர்வில் இசக்கி அதையே நிமிர்ந்து நின்று கேட்டாள். எதிர்த்தரப்புக்கு நின்ற சக மாணவன் ஜெபஸ்டின், “ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா?” என்று முனகினான்.

மேடையில் இருந்தது மனிதர் இல்லை, தீர்ப்பி என்ற இயந்திரம். உயர் நீதிமன்றத்தில் மனுக்களைத் தீர்ப்பதும் அதுதான், இங்கே மாணவர்களின் வாதத்துக்கு மதிப்பெண் போடுவதும் அதுதான். எத்தனை அறையில் வைத்தாலும் மூளை ஒன்றே. ஆணை தயாரானதும் நெற்றியில் பச்சை விளக்கு எரியும். சீக்கிரம் எரிந்தால் மனு கச்சிதம் என்று பேராசிரியை ரூபவதி பாடமே நடத்தியிருந்தார்.

“காரணம்?” என்றது தீர்ப்பி.

“உப்பளத் தொழிலாளர்களுக்குக் காலணியும் கறுப்புக் கண்ணாடியும் கேட்டு வந்திருக்கிறேன். நான் வாய் திறக்கும் முன்பே விளக்கு எரிந்துவிட்டது. உப்பு வெளிச்சத்தில் என் அம்மாவுக்குக் கண் போனதை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. கேட்காமல் முடிவெடுத்தவர் விசாரிக்கக் கூடாது. நீங்களே எங்களுக்குக் கற்றுக்கொடுத்த சட்டம்தான் இது.”

பதினோரு நொடி தீர்ப்பி பேசவில்லை. அதை அவ்வளவு நேரம் யோசிக்க வைத்தவர் அந்த அறையில் அதுவரை யாரும் இல்லை. இசக்கி ஒவ்வொரு நொடியையும் எண்ணினாள்.

“வாதம் சரி. அங்கேயும் கேட்கும் முன்பே முடிவெடுப்பவன் நான்தான். இங்கே விலகினால், உயர் நீதிமன்றத்திலும் எல்லா வழக்கிலிருந்தும் விலகியாக வேண்டும். வலியுறுத்துகிறீர்களா?”

ரூபவதி பதறி எழுந்து ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டார். இசக்கியை மூலைக்கு இழுத்துப் போனார்.

“வலியுறுத்தவில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ கேட்காத மாதிரியே ஆயிடும். அதுக்குத்தான் கோர்ட்டுல அந்த வார்த்தையே இருக்கு.”

“சொல்லலைன்னா?”

“மதிப்பெண் போட ஆள் இருக்காது. வக்கீலா பதிவு பண்ண முடியாது. உங்க வீட்டுல முதல்ல படிச்சவ நீ, யோசிச்சுப் பாரு.”

“நீங்க போடுங்க மேடம்.”

ரூபவதி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“நானா? பதினாலு வருஷமா ஒரு வாதத்தைக்கூட நான் முழுசா கேட்டதில்லம்மா. விளக்கைத்தான் பார்ப்பேன். ஹைகோர்ட்டுல இருக்கிற நீதிபதிகளும் அப்படித்தான், அது சொன்னதுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடுறாங்க. உங்க எல்லாருக்கும் பேசக் கத்துக்கொடுத்தோம். உட்கார்ந்து கேட்க ஒருத்தருக்கும் கத்துக்கொடுக்கல. நாளைக்கு அத்தனை மனுவையும் யாரு கேட்பா?”

“நான் கேட்பேன்,” என்றான் ஜெபஸ்டின் பின்னாலிருந்து. “ஆனா நான் எதிர்த்தரப்பாச்சே.”

இசக்கி தன் இடத்துக்குத் திரும்பினாள். அவள் அம்மா குனிந்து உப்பு வாரிய இருபது வருடமும் முதுகுத்தண்டில் ஏறி நின்றது போல நிமிர்ந்தாள்.

“வலியுறுத்துகிறேன்.”

கோப்பை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

“எங்கம்மா போற?” என்றார் ரூபவதி.

“எங்கம்மாவைக் கூட்டிட்டு வாரேன் மேடம். நீங்க மேடையில ஏறி உட்காருங்க.” நடையை நிறுத்தாமலே சொன்னாள். “அவ பேச ஆரம்பிச்சா லேசுல முடிக்க மாட்டா.”