கடைசி அறைக் கடிகாரம்

கடைசி அறையின் சுவர்க்கடிகாரம் பின்தங்கத் தொடங்கியது. பழைய கடிகாரம், வேறெப்படி இருக்கும் என்று அவள் புது பேட்டரி போட்டாள். அப்போதும் பின்தங்கியது. கழற்றிக் கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினால் சமர்த்தாக ஓடியது. மறுபடி அந்த அறையில் மாட்டினால் நொண்டியது. அதைக் கூடத்திலேயே விட்டுவிட்டாள்.

"கடிகாரத்துக்கே அந்த ரூம் பிடிக்கல போல," என்று கணவன் சிரித்தான். அவன் எலக்ட்ரீஷியன். அங்கே டியூப்லைட் வரவரச் சிவந்து எரிவதற்கும் வோல்டேஜ் கம்மி என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பிழைப்பு அப்படி. ராட்சதக் கருந்துளைகளை நெருங்கும் நட்சத்திரங்களுக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள். அந்தத் துளையின் ஓரத்தில் காலம் மெதுவாகும், வெளிச்சம் சிவக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதற்காக, அயர்ன் பண்ண வேண்டிய துணியும் அந்துருண்டை வாசமும் நிறைந்த ஒரு அறையிலா? வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

ஒருநாள் யாரும் இல்லாதபோது சோதித்துப் பார்த்தாள். கருந்துளை என்றால் கிட்டப் போகும் நட்சத்திரத்தை இழுத்து நார்நாராகக் கிழிக்க வேண்டும். கிழிபடும்போது எழும் வெளிச்சத்தைத்தானே அவளுடைய ஆய்வுக்குழு வருஷக்கணக்காகத் தேடுகிறது? ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை வாசலுக்குள் வீசினாள். அது இறங்கியது. ரொம்ப மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் கிழியவில்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டுக் கதவைப் பூட்டாமல் வந்துவிட்டாள்.

பள்ளி விடுமுறை நாள் அது. நல்ல வெயில். கூடத்து மேஜையில் அவள் வேலையில் மூழ்கியிருக்க, நடைவழியில் பந்து துள்ளும் சத்தமும் மகளின் ஓயாத பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. தூக்கத்தில்கூட வாய் மூடாதவள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர்.

"அம்மா, பந்து உள்ள போயிடுச்சு. நான் எடுத்துட்டு வரேன்மா."

"ம்ம், போ." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அம்மா, இங்க ஒரு பேப்பர் இன்னும் கீழ விழவே இல்லம்மா…"

குரல் கனத்திருந்தது. சளி பிடித்த பெரிய மனுஷியின் குரல்போல. அடுத்த சொல் இன்னும் தடித்து, இன்னும் இழுபட்டு வந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவள் எழுந்து ஓடினாள்.

கடைசி அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் தூக்கியபடி. பாதி திரும்பிய முகம். ரிப்பன் அந்தரத்தில். முகமெல்லாம் மங்கிய சிவப்பு.

"அம்…"

நடைவழியின் நடுவில் அவள் கால்கள் நின்றுவிட்டன. இப்போதுதான் உறைத்தது. கிழிப்பதெல்லாம் சின்னக் கருந்துளைகள். மிகப் பெரியவை கிழிப்பதில்லை. அப்படியே முழுசாக விழுங்கிவிடும், ஒரு பொறி வெளிச்சம்கூடக் காட்டாமல்.

காகிதம் கிழியாததற்கு இதுதான் அர்த்தம். அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள்தான் பூட்டாமல் விட்டாள்.

விளிம்பில் நிற்பது நட்சத்திரம் அல்ல. போய்விட்ட நட்சத்திரத்தின் மிச்ச வெளிச்சம்.

"வாடா தங்கம். வந்துடு. அம்மாகிட்ட வந்துடு." கையை நீட்டிக் கதறினாள். கிட்டே போக உடம்பு தவித்தது. நடைவழி ஜன்னலின் கம்பியைப் பிடித்த கை விட மறுத்தது.

வீட்டின் முன்வாசல் கதவு திறந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவன், டூல் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"என்னாச்சு? ஏன் இப்படிக் கத்துற?"

"போகாதீங்க! அவ அங்க இல்லங்க!"

"இதோ நிக்கிறாளே! கண்ணு தெரியலையா உனக்கு?"

சட்டையைப் பிடித்தாள். பட்டன் மட்டும் கையில் வந்தது.

அவன் போனான். நடை தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது.

நின்றது.

இப்போது அறை வாசலில் இரண்டு பேர். அவன் விரல்கள் மகளின் தோளைத் தொட ஒரு நகக்கண் தூரம்தான் பாக்கி. அந்தத் தூரம் குறையவில்லை. அவன் முதுகிலும் சிவப்பு ஏறியது.

அவளுக்குப் பின்னால், கூடத்துக் கடிகாரம் டிக்டிக்கென்று அவசரமாக ஓட ஆரம்பித்தது. ஒழுங்காக ஓடும் கடிகாரம் அது. மெதுவாகிக்கொண்டிருந்தது அவள்.

கம்பியைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின. எதிரே வாயாடியின் வாய் திறந்தே இருந்தது. அம்மா என்ற சொல் இன்னும் முடியவில்லை. தரைக்கடியில் ஓடும் மோட்டார்போல, அந்த 'ம்' மட்டும் வந்துகொண்டே இருந்தது.