முக்கியப் புள்ளி எங்கே?

"ஐயோ... அம்மா...!"

தங்கச்சிமடத்துச் சந்து ஒன்றிலிருந்து கிளம்பிய அந்த அலறலில், காயப்போட்ட நெத்திலியைக் கொத்த வந்த காக்கைகள் அலறியடித்துப் பறந்தன.

கொலையா...?

இல்லை. அலறியவர் சப் இன்ஸ்பெக்டர் பாண்டித்துரை. அக்குபங்சர் ஊசி இன்னும் அவர் உடம்பைத் தொடவே இல்லை!

"சார், இது வெறும் பஞ்சு," என்றாள் அனிட்டா. அந்தக் கிளினிக்கை நடத்துகிறவள். "ஸ்பிரிட் தடவுறேன். இதுக்கே கத்துனா எப்படி?"

"ஜில்லுன்னு இருந்துச்சு தாயி..."

அபிராமத்துக்காரர். ஆறடி உயரம். அவருக்கு முன்னால் அவர் மீசை வந்தாலே பாதித் தெரு ஒதுங்கிவிடும். அப்பேர்ப்பட்டவர் இடுப்பில் ஒரு துண்டோடு கட்டிலில் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

காரணம் இருக்கிறது. மாறுவேடம்!

கடலடியில் ஊர்கிற கடல் அட்டையைப் பிடிப்பது குற்றம். பிடித்தால் ஜெயில். ஆனாலும் மூட்டை மூட்டையாகத் தீவை விட்டுப் பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டி.எஸ்.பி. கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு லோடு பாலத்தைத் தாண்டுச்சுன்னா அடுத்த லோடு நீர்தான்யா! மூட்டை கட்டி ஆயுதப்படைக்கு அனுப்பிருவேன்!"

அன்றோடு பாண்டித்துரையின் தூக்கம் போனது. பி.பி. எகிறியது. எதிரில் வருகிறவர்களை எல்லாம் கடித்துக் குதறினார்.

அப்போதுதான் மெக்கானிக்கும் இன்ஃபார்மருமான பிரடெரிக் காதைக் கடித்தான்.

"சார்... அனிட்டான்னு ஒரு பொண்ணு. சீன வைத்தியம் பாக்குது. கடல் அட்டை எங்கன போகுது? சீனாவுக்கு! எதுக்கு? மருந்துக்கு! அந்தப் பொண்ணு போன்ல எந்நேரமும் அட்டை அட்டைன்னுதான் பேசுது சார்!"

ரெண்டும் ரெண்டும் நாலு! பாண்டித்துரை துள்ளிக் குதித்தார். கணக்கில் அவர் சின்ன வயசிலிருந்தே கொஞ்சம் சுமார்தான்.

போலீஸ் ஜீப்பைச் சர்ச்சுக்குப் பின்னால் ஒளித்து நிறுத்தினார். சாவியைப் பிரடெரிக்கிடம் கொடுத்தார். "இங்கனயே இரு. சத்தம் குடுத்தா ஓடியா" என்று சொல்லிவிட்டு, 'சிமெண்ட் வியாபாரி தங்கராசு' ஆக உள்ளே நுழைந்திருந்தார்.

"நாக்க நீட்டுங்க."

நீட்டினார்.

அனிட்டா இரண்டு கையிலும் நாடி பார்த்தாள். "கல்லீரல்ல கோபம் கட்டிக்கிட்டு நிக்குது. சிமெண்ட் கடையில அவ்வளவு டென்ஷனா சார்?"

"மழையில மூட்டையெல்லாம் இறுகிப் போச்சு தாயி..."

நெற்றியில் ஒரு ஊசி. காதில் ஒன்று. மணிக்கட்டில், முழங்காலுக்குக் கீழே... பாவம், கண்ணை இறுக்கி மூடிக் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

"முக்கியப் புள்ளி ஒண்ணு பாக்கி இருக்கு..." என்று முணுமுணுத்தாள் அனிட்டா.

பாண்டித்துரை விருட்டென்று கண்ணைத் திறந்தார். முக்கியப் புள்ளி! கும்பல் தலைவன்!

"எங்... எங்க இருக்கான்?"

"இருக்கானா? கால்ல இருக்கு சார். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல. கோபத்த இறக்குற புள்ளி. ஆனா குத்துறப்போ சுரீர்னு இருக்கும். பஞ்சுக்கே கத்துற ஆளு நீங்க... உங்களுக்கு வேணாம்."

அவள் செல்போன் அடித்தது.

"சொல்லுங்க சஃபீர் பாய்... அட்டை ரெடியா? என்னது, ஈரமா இருக்கா? ஐயோ, ஈரத்தோட அடுக்காதீங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்! நல்லாக் காய வச்சுப் பெட்டியில போட்டுக் கொண்டாங்க. சீனாக்காரன் சமாச்சாரம், பாத்துப் பண்ணுங்க!"

சிக்கினாள்!

பாண்டித்துரையின் பி.பி. விர்ரென்று ஏறியது. மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் மொபெட் வந்து நின்றது. சஃபீர் பாய் பெட்டியோடு உள்ளே வந்தார்.

பாண்டித்துரை பாய்ந்தார். துண்டு கூடவே பாயவில்லை. பட்டாபட்டி டிராயரோடு நடுக் கூடத்தில் நின்று கர்ஜித்தார்.

"போலீஸ்! யாரும் அசையக் கூடாது!"

"அசையக் கூடாதது நீங்கதான் சார்! உடம்பெல்லாம் ஊசி!"

பெட்டியைக் கிழித்தார். உள்ளே... அட்டை! கட்டுக் கட்டாக அட்டை!

ஒன்றை எடுத்துப் படித்தார். 'ஊசி இருக்க உளைச்சல் ஏன்? அனிட்டா அக்குபங்சர்.' ஓரத்தில் சிவப்பாக ஒரு சீன எழுத்து.

விசிட்டிங் கார்டு!

"பிரஸ்ஸுல அடிக்கக் குடுத்திருந்தேன் சார்," என்றாள் அனிட்டா.

சஃபீர் பாய் பாண்டித்துரையின் மீசையை ஒருமுறை பார்த்தார். பட்டாபட்டியை ஒருமுறை பார்த்தார். "நான் அப்பறமா வாரேன்மா" என்று நழுவினார்.

பாண்டித்துரைக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் போலீஸுன்னு தெரிஞ்சு போச்சே தாயி..."

"வந்தப்பவே சன்னல் வழியாப் பாத்துட்டேன் சார். மாறுவேடத்துல வர்றவுங்க ஜீப்புலயா வருவாங்க?"

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

"அதுக்கும் ஒரு புள்ளி இருக்கு. படுங்க."

படுத்தார். ஊசிகள் திரும்ப ஏறின. டி.எஸ்.பி., ஆயுதப்படை, பிரடெரிக் கொடுத்த துப்பு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். சன்னல் வழியே கடல் காற்று வந்தது. தோள் தளர்ந்தது. தாடை தளர்ந்தது. பல மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் மெல்ல உருண்டு இறங்கியது. ஆயுதப்படையா? போவோமே. அங்கேயும் சோறு போடுவார்கள்தானே...

"சார், அந்தப் பிரடெரிக்கு மெக்கானிக்கா?"

"ம்ம்ம்..."

"போன வாரம் இங்கன வந்தானே! ஊசி போட்டுக்கல. ஒரு ஆளு படுத்தா எவ்வளவு நேரமாகும், நடுவுல எந்திரிக்க முடியுமான்னு மட்டும் கேட்டுட்டுப் போனான்."

பாண்டித்துரை கண்ணைத் திறந்தார்.

"தாயி... சன்னல் வழியாப் பாரு. ஜீப் நிக்குதா?"

"சர்ச்சு நிக்குது சார். ஜீப்பக் காணோம்!"

போலீஸ் ஜீப்! பாலத்துச் செக்போஸ்ட்டில் அதை யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டதே இந்த மகான்தான்! போன மாதம் தெரியாமல் கை காட்டிய கான்ஸ்டபிள் சுஐபு வாங்கிய வசவு, பாலத்துக்கு அடியில் கிடந்த மீனுக்கே கேட்டிருக்கும்.

போனை எடுத்தார். செக்போஸ்ட்டில் இருந்த சுஐபுவை அழைத்தார்.

"சுஐபு தம்பி... நம்ம ஜீப் வந்தா நிறுத்துப்பா..."

குரல் தேனாகக் குழைந்தது. பாண்டித்துரையே திடுக்கிட்டார். பேசுவது யார்?

"தம்பியா...? யாரு பேசுறது?"

"பாண்டித்துரைதாம்ப்பா..."

"அடப் போய்யா! எங்க அய்யா என்னையத் தம்பின்னு கூப்பிட்டதா சரித்திரமே கெடையாது! அந்தா, அய்யாவோட ஜீப்பே வருது. அவரு போனக் களவாண்டுட்டு அவரு மாதிரியே பேசுறியா? ஏ கேட்டத் தூக்குங்கப்பா... அய்யா வாராரு!"

"வேணாம்ப்பா... கண்ணுல்ல..."

கத்தப் பார்த்தார். வரவில்லை! இருந்த கோபத்தை எல்லாம் ஊசிகள் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டிருந்தன. பிழைப்பே பாலம் தாண்டிப் போகிறது, வாயிலிருந்து தாலாட்டுத்தான் வருகிறது!

அனிட்டா யோசிக்கவில்லை. புது ஊசி ஒன்றைப் பிரித்தாள். கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே...

நச்!

"ஏலேய்ய்ய் சுஐபூ...! கேட்ட எறக்குலே, எடுபட்ட பயலே! ஜீப்புக்குள்ள இருக்குறது நான் இல்லலே! நிறுத்துலே மூதேவி...!"

மறுமுனையில் பூட்ஸ் இரண்டும் ஒன்றாக மோதும் சத்தம்.

"அய்யா...! அய்யாவேதான்! உத்தரவு அய்யா!"

தடாலென்று கேட் விழுந்தது. பிரேக் கிறீச்சிட்டது. "மூட்டை அய்யா! சீட்டுக்கு அடியில பூரா அட்டை! பிரடெரிக்கப் புடிச்சாச்சு அய்யா!" என்று சுஐபு அலறினான்.

பாண்டித்துரை அப்படியே சாய்ந்தார்.

"கோபத்த இறக்குற புள்ளின்னியே தாயி...?"

"இறங்கும் சார். முதல்ல ஒரு தடவ ஏறிட்டுத்தான் இறங்கும்."

போன் அடித்தது. டி.எஸ்.பி.!

"சபாஷ்யா! சொந்த ஜீப்பையே தூண்டில்ல மாட்டிப் புடிச்சீராமே! என்னா மூளை!"

"ஹி... ஹி... எல்லாம் உங்க ஆசீர்வாதம் அய்யா."

"சரி, பிரடெரிக் வெறும் அம்பு. முக்கியப் புள்ளி எங்கய்யா?"

பாண்டித்துரை குனிந்து பார்த்தார். ஊசி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"என் கால் கட்டை விரல் பக்கத்துலதான் அய்யா... ஆனா இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அசைக்கக் கூடாதாம்!"