தரை வந்துருச்சு

அலோர் காஜாவில் அந்தக் கடைவீட்டு வாசலில் லாரியை நிறுத்தியபோது பகல் பதினொரு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. மாடியில் இருந்தது இருபது வருடத்துக்கு முன் மூடிய வீடியோ கேம் கடை. ஒரே ஒரு மெஷின் மிச்சம். ஆள் உயர மரப்பெட்டி, நூற்றிருபது கிலோ. புக்கிட் ரம்பாயில் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார்.

பாரம் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. தனபாலன் தூக்கினால் தட்டுகூட உடையாது என்பார்கள். கூட வந்தவன் கணேஸ்வரன், என் தங்கை பவானேஸ்வரியின் புருஷன். கல்யாணமாகி எட்டு மாதம்தான். "அவர பத்திரமா கூட்டிட்டு வாண்ணே" என்று காலையில் அவள் சொல்லித்தான் அனுப்பினாள்.

கீழே தையல் கடை வைத்திருந்த பெரியநாயகி அக்கா சாவியைக் கொடுத்தார்.

"தம்பி, படியில எறங்குறப்ப பேசாதீங்க."

"பேசாம எறக்குனா காலு போயிரும்லா அக்கா."

"முன்ன எறக்க வந்தவங்களும் இதத்தான் சொன்னாங்க."

சொல்லிவிட்டு அவர் தைக்க உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் தொழிலை எனக்கே சொல்லித்தர வந்துவிட்டார்!

மாடியில் எலிப்புழுக்கையும் கருகிய வயரும் சேர்ந்து நாறின. கம்பளி சுற்றி, பட்டை போட்டு இறுக்கினோம். உள்ளே கண்ணாடி டியூப் இருப்பதால் இதைப் படுக்கப் போடக்கூடாது. நிமிர்ந்த வாக்கிலேயே இறக்க வேண்டும். கணேஸ்வரன் கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னோக்கி இறங்குவான். அவன் கண்ணுக்கு மெஷின் மட்டும்தான் தெரியும். மேலே பிடிக்கும் நான் படிகளை எண்ணிச் சொல்வேன். அவன் கால் என் வாயை நம்பித்தான் நகரும்.

மொத்தம் பதினேழு படி. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவது என் பழக்கம்.

"ஒன்னு... ரெண்டு..."

பாதியில் காற்று குளிர்ந்தது. பிடரியில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. திரும்பிப் பார்க்க முடியுமா? கையில் நூற்றிருபது கிலோ.

பதினோராவது படியில் பட்டை தளர்ந்தது. "நில்லு மாப்ள" என்றேன். பட்டையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தேன்.

எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

அது என் செருமல்.

"அவ்வளவுதான் மாப்ள. தரை வந்துருச்சு. கால வை."

என் குரல்.

என் வாயில் பட்டை இருந்தது.

கணேஸ்வரன் தாராளமாகக் காலைப் பின்னால் எடுத்து வைத்தான்.

மெஷின் அவன் மேலேயே போய் விழுந்தது. அந்தப் பாவி மெஷினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நீதான மச்சான் சொன்ன, தரைன்னு?"

நடந்ததை அப்படியே சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க, பவானேஸ்வரி வேறு போக்கிடம் இல்லாமல் என் வீட்டு மாடியறைக்கு வந்தாள். இரண்டு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை இல்லை. புருஷனைப் பத்திரமாகக் கூட்டி வராத அண்ணனிடம் என்ன பேச்சு?

நேற்று மதியம் சமையலறையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் படியிறங்குவது கதவு வழியாகத் தெரிந்தது. முகத்தை மறைக்கும் அளவுக்குக் கூடை நிறைய அழுக்குத்துணி. கால் தெரியாமல் தடவித் தடவி இறங்கினாள்.

மேலே யாரோ செருமினார்கள்.

"அவ்வளவுதாம்மா. தரை வந்துருச்சு."

என் வாய் நிறைய சோறு. கத்த முடியவில்லை. கத்தியிருந்தாலும் அதே குரல்தானே?

எழுந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துணிகளுக்கு நடுவே பவானேஸ்வரி கிடந்தாள். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அவள் கண்கள் என்னைத் தேடிப் பிடித்தன. இரண்டு மாதத்துக்குப் பிறகு என் தங்கை என்னிடம் பேசினாள்.

"நீதானண்ணே சொன்ன?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

படியின் உச்சியில் செருமல் கேட்டது.

"ஆமாம்மா. நான்தான்."