பெரியவரின் சிவப்புக் கண்

அந்த வீட்டுக் காருக்குப் 'பெரியவர்' என்று பெயர். அப்பாவைவிட அதற்கு நான்கு வயது அதிகம். அதனால் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

"பெரியவர் எழுந்துட்டாரா?" என்று அம்மா தினமும் காலையில் கேட்பாள்.

"இருமிக்கிட்டிருக்கார்" என்று அப்பா வாசலில் இருந்து பதில் சொல்வார்.

பெரியவரின் கடிகாரம் ஓடாது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். இடது பக்கப் பின்கதவை உள்ளே இருந்துதான் திறக்க வேண்டும். ஆனாலும் அவர் இல்லையென்றால் பட்டாணிக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

பட்டாணிக்கு ஏழு வயது. அவனால் நடக்க முடியாது. படிகளுக்குப் பதிலாகச் சரிவுப் பாதையும் அகலமான கதவுகளும் உள்ள பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில்தான் இருந்தது. போன வருடம் ஆஸ்பத்திரியில் அவனுக்கு மோட்டார் வைத்த சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அது நல்ல கனம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். நாற்காலி அசையவில்லை, அப்பாவின் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. அதனால் காரின் பின்பக்கம் சின்ன லிஃப்ட் ஒன்றை அப்பா பொருத்தினார். பொத்தானை அழுத்தினால் நாற்காலி தானாக மேலே ஏறிவிடும்.

அங்கேதான் வந்தது வினை.

லிஃப்டுக்கு மின்சாரம் நிறைய வேண்டும். காரில் மின்சாரம் செய்வது ஆல்டர்னேட்டர் என்ற உருளை. இன்ஜின் ஓடும்போது கூடவே சுற்றி, பேட்டரியை நிரப்புவது அதன் வேலை. பெரியவரின் ஆல்டர்னேட்டர் அந்தக் காலத்துச் சின்ன உருளை. லிஃப்ட் எடுத்துக்கொண்டதை அதனால் திருப்பி நிரப்ப முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் பேட்டரி காலியாகி, பெரியவர் நடுச்சாலையில் படுத்துவிடுவார்.

அப்போது டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கும். பட்டாணி காதைப் பொத்திக்கொண்டு, "சிவப்புக் கண் முழிச்சிடுச்சு! சிவப்புக் கண்!" என்று அலறுவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள்.

அக்காவுக்குப் பத்து வயது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் அப்பா அவளை 'வக்கீலம்மா' என்று கூப்பிடுவார். அவளுடைய பள்ளிக்கூடமும் அதே வழியில் இருந்ததால் அவளும் பெரியவரில்தான் போவாள்.

இந்த வருடம் மட்டும் ஐம்பது நாளுக்கு மேல் பட்டாணிக்குப் பள்ளி தவறிப்போனது. கடைசியில் அம்மாவும் அப்பாவும் சமையலறையில் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். பெரிய ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பெரியவருக்குப் போட்டுப் பார்ப்பது. அதுவும் சரிப்படாவிட்டால், பட்டாணியை அந்தப் பள்ளியின் விடுதியிலேயே விட்டுவிடுவது.

கதவுக்குப் பின்னால் நின்று வக்கீலம்மா இதைக் கேட்டாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வயரிங் அத்தை வந்தார். கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர் அவர். உடைந்துபோன பெரிய வேன் ஒன்றில் இருந்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அது பழையதைவிட ஒன்றரை மடங்கு பெரியது.

"சின்னவன் சட்டையில பெரியவனை நுழைக்கிற மாதிரிதான்" என்றார் அத்தை. "ஆனா நுழைச்சிடலாம்."

பழையது நின்ற இடத்தில் புதியது நிற்கவில்லை. அப்பா இரும்புப் பட்டையை அரம் வைத்து ராவினார். வாஷர்களைக் கொடுத்து நகர்த்தினார். பெல்ட் நேராக வரும்வரை நான்கு தடவை கழற்றி மாட்டினார். விரல் தடிமனுக்கு ஒரு வயரை அத்தை பேட்டரிவரை இழுத்தார். பிறகு நூல் போல ஒரு சின்ன வயரையும் மாட்டினார்.

"அத்தை, இது எதுக்கு?" என்றாள் வக்கீலம்மா.

"டேஷ்போர்டு சிவப்பு லைட்டுக்குப் போற வயர்ல இதைச் சேர்த்துட்டேன்."

அவள் டேஷ்போர்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"லைட் எரிஞ்சா?"

"சார்ஜ் ஆகலைன்னு அர்த்தம். எரியாம இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார் அப்பா.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. வக்கீலம்மா வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பட்டாணி லிஃப்டில் ஏறினான். பெரியவர் கிளம்பினார்.

"பாருங்க, சிவப்பு லைட் எரியவே இல்ல!" என்று அப்பா ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். "நம்ம பெரியவர் வாலிபர் ஆயிட்டார்."

வாலிபர் பாதி தூரம்தான் போனார். பெரிய சிக்னலில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றார். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்றது, அவ்வளவுதான். பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. பட்டாணி காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் அலறவில்லை. அதுதான் வக்கீலம்மாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். அம்மா விடுதி ஃபாரத்தை எடுத்து நிரப்பினாள். பிறகு பச்சை நிறப் பெட்டி ஒன்றைத் துடைத்துப் பட்டாணியின் சட்டைகளை அடுக்கினாள். ஒரே சட்டையை நாலு தடவை மடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வக்கீலம்மா பள்ளிக்குப் போகவில்லை. மதியம் வாடகை வண்டி வந்து பட்டாணியைக் கூட்டிப்போகும். அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரு துளை தள்ளித் தள்ளிப் போயிருந்தன.

"நான் போட்டுவிடறேன் வா" என்றாள்.

"வேணாம். அங்க நீ இருக்கமாட்டியே. நானே பழகிக்கணும்" என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமல்.

அவள் அறையைவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

வாசலில் வயரிங் அத்தை மீட்டரை வைத்துக்கொண்டு பெரியவரைச் சோதித்துக்கொண்டிருந்தார். வேறு பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். இன்ஜின் ஓடியது. மீட்டர் முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பெல்ட் சரி. ஃபியூஸ் சரி. தடி வயரும் சரி" என்றார் அத்தை. "ஆல்டர்னேட்டர் உள்ளேயே போயிருக்கு போல. கழற்றின வண்டியில நல்லா ஓடிச்சுன்னு சொன்னாங்க, நம்பி வாங்கிட்டேன். இந்த அளவுல இன்னொண்ணு எங்கயும் இல்ல. தேடிப் பார்த்துட்டேன்."

அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு, காரின் படியில் உட்கார்ந்தார். கை முழுக்கக் கிரீஸ். அந்தக் கையாலேயே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்க மேல தப்பில்ல அக்கா. என் மேலதான். லைட் எரியுதா இல்லையான்னு கண்ணு முன்னாடி இருக்கிறதைப் பார்க்கத் தெரியல எனக்கு. எரிஞ்சிருக்கும், நான்தான் கவனிக்கல. கவனிச்சிருந்தா பிள்ளையை நடுரோட்டுல கொண்டுபோய் நிறுத்தியிருப்பேனா?"

அப்பாவின் குரல் உடைந்தது. அப்பா அழுது வக்கீலம்மா பார்த்ததே இல்லை.

சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆல்டர்னேட்டர் கெட்டது கெட்டதுதான். பட்டாணி போவது போவதுதான். சொன்னால் திட்டுதான் மிச்சம். ஆனால் செய்யாத தப்புக்கு அப்பா அப்படி உட்கார்ந்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

உள்ளே ஓடினாள். தன் புத்தகப் பையின் அடியில் இருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்தாள்.

"அப்பா, லைட் எரியல. நீங்க சரியாத்தான் பார்த்தீங்க."

"என்னம்மா சொல்ற?"

"அது எரியவே எரியாது. அதுல பல்பே இல்ல." அவள் தீப்பெட்டியைத் திறந்தாள். பஞ்சுக்குள் கொண்டைக்கடலை அளவில் ஒரு பல்பு இருந்தது. "பட்டாணி ரொம்பப் பயந்தான்ப்பா. ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் கீழ கைவிட்டுத் திருகி எடுத்துட்டேன். சிவப்புக் கண் தூங்கிடுச்சுன்னு அவன்கிட்ட சொன்னேன். சனிக்கிழமையே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். உங்களை ஏமாத்தினது நான்தான்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

வயரிங் அத்தைதான் முதலில் பேசினார். அவர் குரல் விநோதமாக இருந்தது.

"என்ன சொன்ன? பல்பு இல்லையா?"

"இல்ல அத்தை."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமா."

அத்தை தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் இருந்து குதித்து ஓடியது.

"எனக்கு அறிவிருக்கா! எல்லாத்தையும் பார்த்தேன், அதைப் பார்த்தேனா? குடு அதை!"

"அத்தை, அது வெறும் லைட்டுதானே?"

"பழைய ஆல்டர்னேட்டருக்கு வெறும் லைட்டுதான். அதுக்குத் தனியா ஒரு பெட்டி இருந்தது, அது வழியா கரண்ட் போயிடும். இதுக்கு அந்தப் பெட்டி கிடையாது. சாவியைப் போட்டதும் இந்தப் பல்பு வழியா கொஞ்சூண்டு கரண்ட் போய் எழுப்பினாத்தான் இது எழுந்திருக்கும். பல்பு இல்லைன்னா சும்மா சுத்திக்கிட்டு தூங்கும்!"

அத்தை பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த மெல்லிய கம்பி அறுபடாமல் இருந்தது.

"நல்ல வேளை, பஞ்சுல வச்சிருந்த" என்றார்.

பல்பை மாட்ட யார் கையும் நுழையவில்லை. வக்கீலம்மாதான் பெடல்களுக்கு அடியில் தலையை விட்டு, கழற்றிய வழியிலேயே திருகி மாட்டினாள்.

அப்பா சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. இன்ஜின் உறுமியது. விளக்கு மங்கி, அணைந்தது. வெளியே அத்தை ஒரு கத்து கத்தினார்.

"ஏறுது! முள் ஏறுது!"

அப்பா லிஃப்டை ஏற்றி இறக்கினார். முன் விளக்குகளைப் போட்டார். வைப்பரை ஓடவிட்டார். முள் கொஞ்சம் தடுமாறிவிட்டு மறுபடியும் மேலேயே நின்றது. அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள். அப்பா கிரீஸ் கையைத் துடைக்கத் துணி தேடினார். அம்மா கையில் இருந்ததை நீட்டினாள். அது விடுதி ஃபாரம்.

அப்பா இரண்டு கைகளையும் அதில் நிதானமாகத் துடைத்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"வக்கீலம்மா, இனிமே எதைக் கழற்றினாலும் என்கிட்ட ஒரு வார்த்தை."

"சரிப்பா."

"திட்டு அவ்வளவுதான். மூக்கைத் துடை."

ஒரு வேலை பாக்கி இருந்தது. அது அவள் மட்டுமே செய்யக்கூடியது. அவள் பட்டாணியின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"சிவப்புக் கண் தூங்கலடா. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். இப்போ திரும்ப வச்சுட்டேன்."

பட்டாணியின் முகம் மாறியது.

"ஏன்?"

"அது முழிச்சாத்தான் பெரியவருக்குத் தெம்பு வருமாம். முதல்ல முழிக்கும். அவர் எழுந்ததும் அது தூங்கிடும். நீ வேணும்னா கண்ணை மூடிக்கோ. தூங்கினதும் நான் சொல்றேன்."

பட்டாணி கையை நீட்டினான். "கையைப் பிடிச்சுக்கிட்டா பார்ப்பேன்" என்றான்.

வாடகை வண்டியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பச்சைப் பெட்டி வீட்டிலேயே இருந்தது. பட்டாணி பாதி நாளாவது பள்ளிக்குப் போகட்டும் என்று, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பெரியவர் கிளம்பத் தயாரானார். சிவப்புக் கண் முழித்தபோது பட்டாணி அக்காவின் கையை நசுக்கிவிடுவது போலப் பிடித்தான். கண்ணை மூடவில்லை. விளக்கு அணைந்ததும் மூச்சை விட்டான். பெரிய சிக்னலில் நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பச்சை விழுந்தது. பெரியவர் ஒரு தும்மல்கூடப் போடாமல் நகர்ந்தார்.

பள்ளி வாசலில் லிஃப்ட் நாற்காலியைக் கீழே இறக்கியது. பட்டாணி சரிவுப் பாதையில் பாதி தூரம் போனான். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு காருக்கே வந்தான். முன்பக்க ஜன்னல் வழியாக டேஷ்போர்டை எட்டிப் பார்த்தான்.

"சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகணும்" என்றான் அதனிடம். "அப்போ மறுபடி முழிச்சுக்கோ, என்ன?"