மூன்றாவது தூணில் விழும் வேகம்

மூன்றாவது தூணைத் தாண்டும்போது வேகம் மறுபடியும் விழுந்தது.

கிராபிக்ஸ் கார்ட்டைச் சோதிப்பதற்கென்றே உள்ள படம் அது. நீண்ட மண்டபம், இரண்டு பக்கமும் தூண்கள். ஆள் நடப்பதுபோல் காட்சி தானாக முன்னே போகும். விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று மூலையில் எண் ஓடும். அறுபதில் ஓடிய எண், வெறும் தூண் ஒன்றிடம் வந்து ஒன்பதுக்கு இறங்கியது. ஜவாஹிருக்கு எரிச்சல் வந்தது.

காலையில் இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து அழகையா, அவன் கம்ப்யூட்டர் கடையில் வாங்கிய அந்தக் கார்ட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"மொதலாளி, தூணுகிட்ட படம் நின்னு நின்னு போகுதுங்க. பின்னால யாரோ இருக்காங்க. வேற ஒண்ணு குடுங்க."

"தோட்டத்துல பேயாட்டம் பார்த்துப் பார்த்து உங்களுக்கு கம்ப்யூட்டர்லயும் பேய் தெரியுது. பகலைக்கு ஓட்டிப் பாக்கிறன். நல்லா இருந்தா இந்தப் பக்கமே வரக் கூடாது."

மாத்தளை டவுனில் மூளையுள்ளவன் தான் ஒருவன்தான் என்பது ஜவாஹிரின் நினைப்பு. தோட்டத்து ஆட்கள் மடையர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஓடுகிறவர்களும் மடையர்கள். ஆனால் போகாமலிருந்தால் தெருவே ஏசும். ஆகவே வெள்ளிதோறும் அவன் கடைக்குள் இருந்துகொள்வான். மைத்துனன் பாறூக் வெளியிலிருந்து ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவான்.

"மச்சான், அல்லாஹ்வுக்குமா பூட்டுப் போடுறீங்க?" என்று பாறூக் இன்றைக்கும் கேட்டான்.

"பேசாமப் பூட்டிட்டுப் போ."

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு முடிந்து திருகோணமலை வீதி அடங்கிவிட்டது. ஷட்டருக்கு அடியில் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் கிடக்க, கருகிய தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் நாறுகிற அந்த இருட்டில் கார்ட்டின் சின்ன விசிறி இரைந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்கு நடுவே யாரோ பல்லிடுக்கால் மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. தூசி அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கார்ட் திணறினால், வரைவதற்கு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அது கண்ணில் படவில்லையென்றால், எதற்கோ பின்னால் இருக்கிறது. ஒரு விசையை அழுத்தினால் சுவரெல்லாம் மறைந்து வெறும் பச்சைக் கோடுகள் மிஞ்சும் என்பது அவனுக்குத் தெரியும். அழுத்தினான்.

தூணுக்குப் பின்னால் கோடுகள் சிக்குப் பிடித்துக் கிடந்தன. முழங்கால். தோள். கவிழ்ந்த தலை. குந்தியிருந்தது. மண்டபம் முழுவதற்கும் இல்லாத கோடுகள் அந்த ஒரு உருவத்தில் இருந்தன. கார்ட் அதை மயிர் மயிராக வரைந்திருந்தது.

எவனோ விளையாடியிருக்கிறான் என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அழகையா சொன்னது சரியாகிவிடும். அதை அவனால் தாங்க முடியாது. மறுபடி ஓட்டினான்.

இப்போது இரண்டாவது தூணுக்குப் பின்னால். எழுந்து நின்றது.

மறுபடி. முதல் தூண். முகம் இவன் பக்கம்.

மறுபடி. மண்டபத்தில் எதுவுமில்லை. எண் மட்டும் இரண்டில் நின்றது.

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. விசிறி நிற்கவில்லை.

பாய்ந்துபோய் ஷட்டரை அடித்தான். கத்த வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. வெளியே காலடிகள் நின்றன.

"பூட்டின கடை. உள்ளுக்கு என்னமோ தட்டுது."

"கிட்டப் போகாதீங்க. குண்டா இருக்கும். ஆமிக்குச் சொல்லுங்க."

யுத்தம் நடந்துகொண்டிருந்தது; பஸ்ஸில் ஒரு பார்சல் தனியாகக் கிடந்தாலே ஊர் ஓடுகிற காலம். இன்னும் பலமாக அடித்தான். காலடிகள் ஓடின. விசில் ஊதினார்கள். வாகனங்கள் திரும்பிப் போயின. வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே ஒருவன் இருப்பான் என்று நினைக்குமளவுக்கு அந்த வீதியில் வேறெவனும் கெட்டிக்காரன் இல்லை.

கீற்று வெளிச்சத்தருகே வாயை வைத்துக் குந்தினான். குரல் வந்தால் போதும். வரவில்லை.

பின்னால் விசிறி வேகமெடுத்தது. திரை இல்லை. ஆனாலும் வரைகிறது.

திரும்பினான்.

சீமெந்துத் தரையில் ஒரு பச்சைக் கோடு. பக்கத்தில் இன்னொன்று. விரல்கள். நகங்கள். கணுக்கால். அவசரமில்லாமல், ஒவ்வொரு மயிராக, மேலே ஏறியது. இடுப்பு. தோள். கழுத்து.

முகம் வருவதற்கு முன்பே அது அவன் உயரத்துக்குக் குந்தத் தொடங்கியது.